பழைய வீட்டுக் கணினி தொடங்காதபோது கோளாறைக் கண்டறிதல்

வாங்கிப் பத்து ஆண்டுகள் கடந்த வீட்டுக் கணினி ஒரு நாள் வழக்கம்போலத் தொடங்காமல் நின்றுவிடுவது உண்டு. பொத்தானை அழுத்தினால் விளக்கே எரிவதில்லை. அல்லது மின்விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது. அல்லது விண்டோஸ் சின்னம் வரை வந்து அப்படியே நின்றுவிடுகிறது. வீட்டில் இம்மூன்றையும் "கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை" என்று ஒரே தொடரில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இவை வெவ்வேறு கோளாறுகள். ஒன்றுக்கான தீர்வு மற்றொன்றுக்கு உதவாது.

இதில் கணினியின் விலையைவிட அதனுள் இருப்பவற்றின் மதிப்பு பெரிது. குடும்பத்தின் பழைய ஒளிப்படங்கள், பிள்ளைகளின் ஆய்வேடு, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் நகல் ஆகியவை பல வீடுகளில் அந்த ஒரு கணினியில் மட்டுமே இருக்கும். கணினி தொடங்கவில்லை என்பதால் அவை அழிந்துவிட்டன என்று பொருளில்லை. ஆனால் காரணம் தெரியும் முன்பே "ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும்" என்று முடிவெடுத்தால், அழியாமல் இருந்தவையும் அழிந்துபோகும். ஆகவே, தொடக்கம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று முதலில் அறிய வேண்டும். கோப்புகளைக் காப்பாற்றிய பிறகே இயங்குதளத்தில் கைவைக்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்து மேசைக் கணினிகளை முதன்மையாகக் கொண்டு இந்த இரண்டையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தொடக்கத்தின் ஐந்து கட்டங்கள்

பொத்தானை அழுத்தியது முதல் முகப்புத் திரை தோன்றும் வரை ஐந்து வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. முந்தையது முடியாமல் அடுத்தது தொடங்காது.

1. மின்வழங்கல்: எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிப் பெட்டி, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டங்களாக மாற்றுகிறது. இவை நிலைப்பட்டதும் அது தாய்ப்பலகைக்கு ஒரு சைகை அனுப்பும். அதன் பின்னரே செயலி வேலையைத் தொடங்கும். விளக்கோ மின்விசிறியோ இயங்காவிட்டால் கோளாறு பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் இருக்கும்.

2. தற்சோதனை: தாய்ப்பலகையில் உள்ள சிறு சில்லு ஒன்றில் பயாஸ் என்னும் நிரல் பதிந்திருக்கிறது. அது செயலி, நினைவகம், திரைக்கான சுற்று, விசைப்பலகை ஆகியவற்றைச் சோதிக்கிறது. மின்விசிறி சுற்றியும் திரை கறுப்பாக இருந்தால் இந்தக் கட்டத்தைப் பார்க்க வேண்டும்.

3. தொடக்கச் சாதனத்தைத் தேடுதல்: வன்தட்டு, குறுவட்டு, பென் டிரைவ் ஆகியவற்றில் எதிலிருந்து தொடங்குவது என்று பயாஸ் ஒரு வரிசைப்படி தேடும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஆங்கிலச் செய்தி வந்து நின்றால் சிக்கல் இங்கோ அடுத்த கட்டத்திலோ இருக்கிறது.

4. தொடக்க ஏற்றி: பழைய முறையில் பிரிக்கப்பட்ட வன்தட்டின் முதல் 512 பைட்டுகளில் ஒரு சிறு நிரல் இருக்கும். அது இயங்குதளத்தின் ஏற்றியை அழைக்கும். எக்ஸ்பியில் இந்த ஏற்றியின் பெயர் என்டிஎல்டிஆர். விண்டோஸ் விஸ்டா, 7 ஆகியவற்றில் பூட்எம்ஜிஆர்.

5. இயங்குதளம்: விண்டோஸ் தன் மையக் கோப்புகளையும், சாதனங்களை இயக்கும் டிரைவர்களையும் ஏற்றி, முகப்புத் திரையைக் காட்டும். சின்னம் தோன்றிய பின் நின்றாலும், நீலத் திரை வந்தாலும், மீண்டும் மீண்டும் தானே அணைந்து தொடங்கினாலும், முதல் நான்கு கட்டங்கள் ஏறத்தாழ நலமாகவே இருக்கின்றன என்று கொள்ளலாம்.

கைவைக்கும் முன்

கணினியைத் திறக்கும் முன் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிறகு கணினியின் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின்னூட்டம் பெருமளவு வெளியேறும். நம் உடலில் உள்ள நிலைமின்னூட்டம் நினைவகச் சில்லுகளைக் கெடுக்கக் கூடியது. எனவே உள்பாகங்களைத் தொடும் முன் கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட வேண்டும்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் பழைய குழாய்வகை மானிட்டரையும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அவற்றின் உள்ளே ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

அச்சுப்பொறி, பென் டிரைவ், வெப் கேமரா என வெளியே செருகியுள்ள அனைத்தையும் கழற்றிவிட்டு, விசைப்பலகை, மவுஸ், மானிட்டர் ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கம்பிகளைக் கழற்றும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் மீண்டும் மாட்டும்போது குழப்பம் வராது. கடைசியாகக் கணினி ஒழுங்காக வேலை செய்தபின் என்ன நடந்தது என்பதையும் எழுதி வையுங்கள். இடி மின்னலா, பாதியில் மின்வெட்டா, புதிய மென்பொருள் நிறுவினீர்களா, மேசையை இடம் மாற்றினீர்களா? இவற்றுக்கான விடையே சில நேரங்களில் காரணத்தைக் காட்டிவிடும்.

விளக்கே எரியாவிட்டால்

சுவரில் உள்ள பிளக் பாயின்ட்டில் வேறொரு விளக்கையோ கைப்பேசி சார்ஜரையோ செருகி, மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். யு.பி.எஸ். வழியாக இணைத்திருந்தால் அதைத் தவிர்த்து நேராகச் சுவரில் செருகிச் சோதிக்க வேண்டும். யு.பி.எஸ். மின்கலம் சில ஆண்டுகளில் வலுவிழந்துவிடும். அந்தக் கோளாறைக் கணினியின் கோளாறாக எண்ணிக்கொள்வது பலருக்கும் நேர்வதுதான்.

மானிட்டருக்கும் கேபினெட்டுக்கும் பெரும்பாலும் ஒரே வகை மின்கம்பிதான் பயன்படுகிறது. இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்த்தால் கம்பி நல்லதா கெட்டதா என்பது செலவில்லாமல் தெரிந்துவிடும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறம் உள்ள சிறு சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய பெட்டிகள் சிலவற்றில் 115, 230 என்று குறித்த சிவப்பு நிறத் தேர்வுச் சுவிட்ச் ஒன்று இருக்கும். நம் நாட்டில் அது 230-இல்தான் இருக்க வேண்டும். 115-க்குத் தள்ளிவிட்டு மின்சாரம் கொடுத்தால் பெட்டி எரிந்துபோகும்.

தாய்ப்பலகையில் ஒரு சிறு விளக்கு எரிந்தும் பொத்தானுக்குக் கணினி அசையவில்லை என்றால், காத்திருப்பு நிலைக்கான 5 வோல்ட் வருகிறது என்று பொருள். அப்போது முகப்புப் பொத்தானும் அதன் மெல்லிய கம்பியும் பழுதாகியிருக்கலாம், எஸ்.எம்.பி.எஸ். முழுச் சுமையைத் தாங்க முடியாமலும் இருக்கலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கடையில் வேறொன்றை மாற்றிப் போட்டுச் சோதிப்பதே எளிது.

ஒரு வினாடி சுற்றி உடனே அணைந்தால் எங்கோ குறுக்குச்சுற்று ஏற்பட்டிருக்கலாம். சில நிமிடம் ஓடி அணைந்தால் செயலியின் வெப்பத்தைப் பாருங்கள். அதன் மேலுள்ள மின்விசிறி சுற்றுகிறதா, உலோகத் தகடுகளுக்கிடையே தூசி அடைத்திருக்கிறதா என்று கவனித்து, மெல்லிய தூரிகையால் தூய்மை செய்யலாம். தாய்ப்பலகையில் நிற்கும் சிறு உருளைகளான மின்தேக்கிகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் தயாரான பலகைகள் பலவற்றில் தரமற்ற மின்தேக்கிகள் இடம்பெற்றன. அவற்றின் தலை உப்பியிருந்தாலோ பழுப்பு நிறக் கசிவு தெரிந்தாலோ, கணினி நிற்பதற்கு அதுவே போதிய காரணம்.

மின்விசிறி சுற்றியும் திரை கறுப்பாக இருந்தால்

விசைப்பலகையின் நம் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அதற்கான விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உள்ளுக்குள் உயிருடன்தான் இருக்கிறது. சிக்கல் திரைப் பக்கத்தில் இருக்கிறது. மானிட்டரின் கம்பி இரு முனைகளிலும் இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு தனியாகப் பொருத்திய கணினியில் மானிட்டர் கம்பியை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும். அறையைத் துடைத்து மீண்டும் மாட்டும்போது தாய்ப்பலகையின் துளையில் செருகிவிடுவதால் மட்டுமே திரை கறுப்பாவதும் உண்டு.

நம் லாக் விளக்கு அசையாவிட்டால் தற்சோதனையே முடியவில்லை என்று கொள்ளலாம். அந்நிலையில் உள்ளே இருக்கும் சிறு ஒலிப்பான் எழுப்பும் 'பீப்' ஓசையை எண்ணுங்கள். பழைய கணினிகள் பலவற்றில் ஒரே ஒரு குறும் ஓசை, சோதனை நலமாக முடிந்தது என்பதைக் குறிக்கும். அவார்டு பயாஸ் உள்ள கணினிகளில் ஒரு நெடிய ஓசையும் இரண்டு குறும் ஓசைகளும் திரைச் சுற்றின் கோளாற்றைக் குறிக்கும். விட்டுவிட்டு ஒலிக்கும் நெடிய ஓசைகள் பெரும்பாலும் நினைவகத்தைச் சுட்டும. இந்தக் குறிகள் பயாஸ் தயாரிப்பாளருக்கு ஏற்ப மாறும் என்பதால் தாய்ப்பலகையின் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

ராம் எனப்படும் நினைவகப் பலகையைக் கழற்றி மாட்டுவது இக்கட்டத்தில் அதிகம் பலன் தரும் செயல். ஆண்டுக்கணக்கில் ஈரக்காற்றும் தூசியும் படுவதால் அதன் விளிம்பில் உள்ள தொடுமுனைகள் மங்கிவிடும். இரு புறக் கொக்கிகளையும் தள்ளிப் பலகையை எடுத்து, தொடுமுனைகளை மென்மையான பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகள்களை நீக்கி, 'டக்' என்று இரு கொக்கிகளும் விழும் வரை மீண்டும் அழுத்திப் பொருத்த வேண்டும். இரண்டு பலகைகள் இருந்தால் ஒவ்வொன்றாக மட்டும் வைத்துத் தொடங்கிப் பார்த்தால், கெட்டது எது என்று தெரிந்துவிடும்.

சிறு மின்கலம் தரும் பெரிய தொல்லை

தாய்ப்பலகையில் ஒரு ரூபாய் நாணயம் போன்ற மின்கலம் ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் லித்தியம் மின்கலம். பெயரில் உள்ள 20 என்பது அதன் விட்டம் 20 மில்லிமீட்டர் என்பதையும், 32 என்பது தடிமன் 3.2 மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும். கணினி அணைந்திருக்கும்போது கடிகாரம் ஓடுவதும், பழைய கணினிகளில் பயாஸ் அமைப்புகள் நினைவில் இருப்பதும் இதனால்தான்.

இது தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறையும் நாளும் நேரமும் பின்னுக்குப் போய்விடும். தொடக்கத்தில் 'சிமாஸ் செக்சம் எரர்' என்ற செய்தியோ, எஃப் 1 விசையை அழுத்தச் சொல்லும் வரியோ தோன்றும். தேதி தவறாக இருப்பதால் பாதுகாப்புச் சான்றிதழை உலாவி ஏற்காது. பல இணையதளங்களும் திறக்காது.

இதைவிடக் கவனிக்க வேண்டிய விளைவு ஒன்று உண்டு. மின்கலம் தீர்ந்ததும் பயாஸ் தன் தொடக்கநிலை அமைப்புகளுக்குத் திரும்பிவிடும். வன்தட்டோடு பேசும் முறை முன்பு ஏஹெச்சிஐ என்று இருந்திருந்தால், பல பழைய பலகைகளில் அது ஐடிஇ என்று மாறிவிடும். முதல் முறையில் நிறுவிய விண்டோஸ் 7 இரண்டாவது முறையில் தொடங்க முடியாமல் 7பி என்று முடியும் எண்ணோடு நீலத் திரை காட்டும். இதை விண்டோஸ் கெட்டுவிட்டது என்று எண்ணி ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். புதிய மின்கலத்தைப் போட்டு, பயாஸுக்குள் அந்த ஒரு அமைப்பைப் பழையபடி மாற்றினால் கணினி முன்போலவே எழுந்துவிடும். ஒரு கோப்பும் போகாது.

தொடக்கச் சாதனம் இல்லை என்று சொன்னால்

'ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்', 'என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்', 'பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்' போன்ற செய்திகள் அச்சமூட்டினாலும், பென் டிரைவையோ குறுவட்டையோ உள்ளேயே விட்டுவிட்டதால் கூட இவை வரலாம். முதலில் அவற்றை எடுத்துவிட்டுத் தொடங்கிப் பாருங்கள்.

அப்போதும் வந்தால், கணினியைத் தொடங்கியவுடன் டிலீட் அல்லது எஃப் 2 விசையைத் தட்டிப் பயாஸுக்குள் செல்ல வேண்டும். அழுத்த வேண்டிய விசை எது என்பது முதல் திரையின் கீழ்ப்பகுதியில் எழுதியிருக்கும். அங்கே வன்தட்டின் பெயர் தெரிந்தால் தொடக்க வரிசையில் அது முதலாவதாக இருக்கிறதா என்று சரிபார்க்கலாம். வரிசை சரியாக இருந்தும் செய்தி மறையாவிட்டால், கோப்புகளைப் படியெடுத்த பின் தொடக்க ஏற்றியைச் சீரமைக்க வேண்டும். பெயரே தெரியாவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்து, வன்தட்டுக்குச் செல்லும் மின்கம்பியையும் தரவுக்கம்பியையும் கழற்றி மாட்டவும். தாய்ப்பலகையின் வேறொரு துளையில் செருகிப் பார்ப்பதும், தரவுக்கம்பியை மாற்றிப் பார்ப்பதும் எளிய சோதனைகள்.

வன்தட்டிலிருந்து 'டிக் டிக்' என்ற ஓசை சீராகக் கேட்டாலோ உராயும் சத்தம் வந்தாலோ உடனே கணினியை அணைத்துவிட வேண்டும். தட்டைப் படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது என்பதற்கான அறிகுறி அது. ஒவ்வொரு முறை மீண்டும் தொடங்கும்போதும் சேதம் கூடலாம். கட்டாயம் வேண்டிய கோப்புகள் அதில் இருந்தால், தரவு மீட்பு தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே வழி.

விண்டோஸ் சின்னத்தோடு நின்றால்

விண்டோஸ் எக்ஸ்பி, 7 ஆகியவற்றில் தற்சோதனை முடிந்ததும் எஃப் 8 விசையைத் தொடர்ந்து தட்டினால் ஒரு பட்டியல் வரும். அதில் மூன்று தெரிவுகள் முதன்மையானவை.

'லாஸ்ட் நோன் குட் கான்ஃபிகரேஷன்' என்பது கடைசியாக ஒழுங்காகத் தொடங்கியபோது இருந்த அமைப்புகளோடு தொடங்க முயலும். 'சேஃப் மோட்' என்பது மிகத் தேவையான டிரைவர்களை மட்டும் கொண்டு தொடங்கும். கோளாறு ஏற்பட்டதும் தானே மறுதொடக்கம் செய்வதை நிறுத்தும் தெரிவு மூன்றாவது. நீலத் திரை கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடும்போது இதைத் தேர்ந்தால், திரையில் உள்ள எண்ணைப் பொறுமையாகக் குறித்துக்கொள்ளலாம்.

சேஃப் மோடில் தொடங்கினால், அண்மையில் நிறுவிய டிரைவரோ நச்சுநிரல் தடுப்பு மென்பொருளோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். கோப்புகளை முதலில் படியெடுத்துவிட்டு அதை நீக்கிப் பாருங்கள். சேஃப் மோடிலும் தொடங்காவிட்டால் வன்தட்டு, நினைவகம், விண்டோஸின் மையக் கோப்புகள் ஆகியவற்றில் பழுது இருக்கலாம். விண்டோஸ் 7 பட்டியலில் உள்ள 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' வழியாக 'ஸ்டார்ட்டப் ரிப்பேர்', 'சிஸ்டம் ரீஸ்டோர்' ஆகியவற்றை முயலலாம். பின்வந்த விண்டோஸ் 8, 10 ஆகியவற்றில் எஃப் 8 வழக்கமாக வேலை செய்யாது. அவை தொடர்ந்து சில முறை தொடங்கத் தவறினால் பழுதுபார்க்கும் திரையைத் தாமே காட்டும்.

வன்தட்டைச் சோதிக்கும் 'செக் டிஸ்க்' பயனுள்ளதே. ஆனால் நலிந்த வன்தட்டை அது நெடுநேரம் உழைக்க வைக்கும் என்பதால், கோப்புகளைப் படியெடுத்த பின்னரே அதை இயக்க வேண்டும்.

கோப்புகளைக் காப்பாற்றும் வழிகள்

முதல் வழி, லினக்ஸ் கொண்டு தொடங்குவது. வேறொரு கணினியில் லினக்ஸ் மின்ட், பப்பி லினக்ஸ் போன்ற ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பழைய கணினியைத் தொடங்கலாம். வன்தட்டில் எதையும் நிறுவாமலேயே அது இயங்கும். நிறுவச் சொல்லும் சின்னத்தை மட்டும் தொடாமல், விண்டோஸ் கோப்புறைகளைத் திறந்து வேண்டியவற்றை வெளி வன்தட்டுக்குப் படியெடுக்கலாம். பழைய செயலி 32 பிட் வகையானால் அதற்கேற்ற பதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது வழி, வன்தட்டைக் கழற்றி, யு.எஸ்.பி. இணைப்பி மூலம் வேறொரு கணினியில் செருகுவது. தாய்ப்பலகையே எரிந்துபோன கணினிக்கும் இது பொருந்தும். 40 முள் கொண்ட அகலப் பட்டைக்கம்பி இருந்தால் ஐடிஇ வகை. ஒல்லியான கம்பி இருந்தால் சாட்டா வகை. அதைப் பார்த்து இணைப்பி வாங்க வேண்டும்.

கடையில் கொடுக்கும்போது "சி டிரைவை மட்டும்தான் ஃபார்மட் செய்வோம், டி டிரைவில் உள்ளது போகாது" என்பார்கள். அதில் ஓர் உண்மை விடுபட்டுப்போகிறது. முகப்புத் திரையில் வைத்த கோப்புகள், மை டாக்குமென்ட்ஸ், பதிவிறக்கங்கள் ஆகிய அனைத்தும் நாம் மாற்றி வைக்காத வரை சி டிரைவில்தான் இருக்கின்றன. நாம் அன்றாடம் சேமித்தவை பெரும்பாலும் இவைதான். ஆகவே வேண்டிய கோப்புகளின் பட்டியலை எழுதிக் கொடுத்து, படியெடுத்ததைக் கண்ணால் பார்த்த பின்பே ஃபார்மட் செய்ய ஒப்புக்கொள்ளுங்கள்.

மடிக்கணினிகள்

மேற்கூறிய கட்டங்கள் மடிக்கணினிக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் சில இன்றும் வீடுகளில் பயன்பாட்டில் இருக்கின்றன. இத்தகைய பழைய மடிக்கணினியில் விளக்கே எரியாவிட்டால், சார்ஜரைப் பிடுங்கி, மின்கலத்தையும் கழற்றிவிட்டு, பொத்தானை 30 வினாடி அழுத்திப் பிடித்துப் பிறகு சார்ஜரை மட்டும் செருகித் தொடங்கிப் பாருங்கள். அப்போது தொடங்கினால் மின்கலத்தையே முதலில் ஐயுற வேண்டும். உப்பிய மின்கலத்தை மீண்டும் பொருத்தக் கூடாது.

பழுதுபார்ப்பதா, ஓய்வு கொடுப்பதா?

நாணய மின்கலம், தரவுக்கம்பி, நினைவகம், எஸ்.எம்.பி.எஸ். ஆகியவை மாற்றத்தக்கவை. தாய்ப்பலகை போய்விட்டால் பழைய கணினிக்கு அதே வகைப் பலகை தேடுவது பெரும்பாலும் செலவுக்குத் தகாது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஆம் நாளும், விண்டோஸ் 7-க்கு 2020 சனவரி 14-ஆம் நாளும் மைக்ரோசாஃப்ட் தன் ஆதரவை நிறுத்தியது. எனவே அவற்றை மீட்டெடுத்தாலும் வங்கி வேலைகளுக்கும் கடவுச்சொல் கேட்கும் தளங்களுக்கும் பயன்படுத்துவது பாதுகாப்பன்று. தட்டச்சு செய்ய, பாட்டுக் கேட்க, குழந்தைகள் பழக அவை இன்னும் உதவும். சாட்டா இணைப்புள்ள கணினியில் வன்தட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. பொருத்தி, எளிய லினக்ஸ் ஒன்றை நிறுவினால் மேலும் சில ஆண்டுகள் ஓடும்.

ஓய்வு கொடுப்பதானால் பழைய பொருள் வாங்குபவரிடம் அப்படியே தூக்கிக் கொடுக்காதீர்கள். வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, மற்றவற்றை மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் சேர்ப்பது முறை. அதன் பற்றவைப்புகளில் ஈயம் இருக்கலாம்.

கணினி மீண்டும் தொடங்கிவிட்டால் அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை, முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்திலும் சேமிப்பது. ஒரே இடத்தில் மட்டும் இருக்கும் கோப்பைப் பாதுகாப்பான கோப்பு என்று சொல்ல முடியாது. ஒருமுறை தொடங்காமல் நின்ற கணினி மறுமுறையும் நிற்கக்கூடும். அன்று படங்களும் பத்திரங்களும் வேறிடத்தில் பத்திரமாக இருந்தால், ஐந்து கட்டங்களையும் பதற்றமின்றி ஒவ்வொன்றாகப் பார்த்துவரலாம்.